பிறர் பாடலைத் தன் குரலில் புதிதாக்குவது எப்படி

ஒருவர் பாடிப் பலருடைய காதிலும் பதிந்துவிட்ட பாடலை வேறொருவர் மீண்டும் பாடிப் பதிவு செய்வதைக் கவர் பதிப்பு என்கிறோம். இணையத்தில் நாள்தோறும் ஏறும் கவர் பதிப்புகளில் பெரும்பாலானவை மூலப்பாடலை ஏறத்தாழ அப்படியே ஒப்பித்துவிட்டு மறந்துபோகின்றன. சில, கேட்பவரை முகம் சுளிக்க வைக்கின்றன. மிகச் சிலவே, அந்தப் பாடலை எழுதியவரையே மறுபடியும் உட்கார்ந்து கேட்க வைக்கின்றன. குரல்வளமும் நல்ல ஒலிப்பதிவுக் கூடமும் உதவும் என்பது உண்மைதான். ஆனால் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தப் பாடலில் பேசுகிறவர் யார்? இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கும் பாடகருக்குத் தாளம், சுருதி, கருவி, வரி ஆகிய எல்லாவற்றிலும் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது தானாகவே விளங்கத் தொடங்கும். அந்த விடையைத் தேடும் முறையையும், தேடிக் கிடைத்ததைப் பாட்டாக்கும் முறையையும் புகழ்பெற்ற சில கவர் பதிப்புகளின் துணையோடு இங்கே விளக்குகிறேன்.

பாடலைத் தேர்ந்தெடுத்தல்

மனத்துக்குப் பிடித்த பாடல் என்பது மட்டும் போதுமான காரணம் ஆகாது. முதலில், கருவி எதுவும் இல்லாமல், கைத்தாளம்கூடப் போடாமல், பாடலைத் தொடக்கம் முதல் முடிவு வரை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். மெட்டும் வரியும் மட்டுமே இருக்கும்போதும் பாடல் சலிக்காமல் நிற்கிறது என்றால், அதைச் சுற்றி எதை வேண்டுமானாலும் எழுப்பலாம். சில பாடல்களின் கவர்ச்சி முழுவதும் சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியின் ஒரு நாதத்திலோ தாள இயந்திரத்தின் ஒரு தனித்த அடியிலோ அடங்கியிருக்கும். அவற்றை எடுத்தால், நீக்கிய இடத்தை நிரப்ப உங்களிடம் வேறொன்று இருக்க வேண்டும்.

அடுத்ததாக, மூலப்பாடல் சொல்லாமல் விட்ட ஏதேனும் அதில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ்’ இசைக்குழு 1982-இல் வெளியிட்ட ‘மேட் வேர்ல்ட்’, விரைவான தாளமும் மின்னணுக் கருவிகளும் கொண்டு எழுந்து ஆடத் தூண்டும் பாடல். வரிகளோ, அன்றாட வாழ்க்கையில் வெறுமையைத் தவிர வேறெதையும் காணாத ஓர் இளைஞனின் புலம்பல். ஆட்டத்துக்குள் துயரத்தை ஒளித்து வைத்த அந்த முரண் மூலத்தின் அழகு. ஆனால், அந்தத் துயரத்தைத் திரையின்றிக் கேட்கும் வாய்ப்பை அது இன்னொருவருக்கு விட்டுவைத்திருந்தது. ‘டானி டார்க்கோ’ என்னும் 2001-ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்காக மைக்கேல் ஆண்ட்ரூஸும் கேரி ஜூல்ஸும் அதே பாடலை மிக மெதுவாக, பியானோவை முதன்மையாகக் கொண்டு பதிவு செய்தபோது, இருபதாண்டு காலமாகப் பலரும் கவனிக்காத வரிகள் முன்னுக்கு வந்தன. 2003-இல் அது பிரிட்டனின் கிறிஸ்துமஸ் வார முதலிடப் பாடலானது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அதன் பிறகு எந்தப் பாடலையும் மெதுவாக்கிப் பியானோவை வைத்துக் கிசுகிசுத்துப் பாடினால் ஆழம் வந்துவிடும் என்ற எண்ணம் பரவி, திரைப்பட முன்னோட்டங்கள் தொடங்கி விளம்பரங்கள் வரை அது ஒரு வாய்ப்பாடாகிவிட்டது. வரிகளில் மறைந்த துயரம் இருந்தால் மட்டுமே மெதுவாக்குவது எதையாவது வெளிக்கொண்டுவரும். மகிழ்ச்சியைத் தவிர வேறெதுவும் இல்லாத பாடலை மெதுவாக்கினால் கேட்பவருக்குக் கிடைப்பது நீண்ட நேரம் மட்டுமே.

மூலத்தை முழுமையாகக் கற்றல்

மாற்றுவதற்கு முன் மூலத்தை அப்படியே பாடவும் வாசிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு தாளை எடுத்து, பல்லவி எத்தனை ஆவர்த்தனம் (தாளச் சுற்று), சரணம் எங்கே தொடங்குகிறது, எந்தச் சொல்லில் கோர்ட் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாறுகிறது, எந்த இடத்தில் புதிய கருவி சேர்கிறது, பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பவற்றை வரிசையாக எழுத வேண்டும். மூச்சு வாங்கும் இடங்களைக் குறிப்பது சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு வரியைப் பாடகர் எப்படிப் பொருள் பிரித்துக்கொண்டார் என்பதை அவர் மூச்சைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றும் இல்லை.

இப்படிக் கற்கும்போது உண்மையான மூலம் எது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். டாலி பார்ட்டன் எழுதி 1974-இல் வெளியிட்ட ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாடலை 1992-இல் விட்னி ஹூஸ்டனுக்காக உருவாக்கத் தொடங்கிய தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர், 1975-இல் லிண்டா ரான்ஸ்டாட் பாடிய பதிப்பையே முன்மாதிரியாக வைத்திருந்தார். அந்தப் பதிப்பில் கடைசிச் சரணம் கிடையாது. செய்தி தெரிந்த பார்ட்டன், விடுபட்ட சரணத்தைத் தாமே சொல்லிக் கொடுத்தார். பிரிந்து செல்பவர் எதிரில் இருப்பவருக்கு நல்வாழ்வு வேண்டி வாழ்த்தும் சரணம் அது. அது இல்லாமல் அந்தப் பாடலை இன்று நினைத்துப் பார்ப்பதே கடினமாக இருக்கிறது.

மாறாக, இடையில் வந்த ஒரு கவர் பதிப்பே அடுத்தவருக்கு மூலமாகி நன்மை விளைந்ததும் உண்டு. லெனர்ட் கோஹன் 1984-இல் வெளியிட்ட ‘ஹல்லெலூயா’ அப்போது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. கோஹன் அந்தப் பாடலுக்கு எழுதிக் குவித்த சரணங்கள் ஏராளம். 1991-இல் ஒரு தொகுப்புக்காக அதைப் பாட விரும்பிய ஜான் கேல், வரிகளைக் கேட்டபோது கோஹன் பக்கம் பக்கமாக ஃபேக்ஸ் அனுப்பி வைத்தார். கேல் அவற்றிலிருந்து தமக்கு வேண்டிய சரணங்களைத் தேர்ந்தெடுத்து, வெறும் பியானோவுடன் பாடினார். 1994-இல் ஜெஃப் பக்லி பதிவு செய்து உலகப் புகழ் பெற்ற பதிப்பு, கேலின் தேர்வையே அடியொற்றியது. எழுத்தாளருக்குக் கைகூடாத ஒரு வேலையை, அதாவது மிகுதியானவற்றில் எதை விடுவது என்ற வேலையை, கவர் பாடிய ஒருவர் செய்து முடித்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

மூலத்தை நன்றாகக் கற்ற பிறகு, அதைக் கேட்பதைச் சில வாரங்கள் அடியோடு நிறுத்திவிடுங்கள். பிறர் செய்த கவர் பதிப்புகளையும் அந்தக் காலத்தில் கேட்க வேண்டாம். பிறகு, நினைவிலிருந்து மட்டும் பாடலைப் பாடிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். நினைவு எதைச் சுருக்கியிருக்கிறது, எந்தச் சங்கதியைத் தன் போக்கில் வளைத்திருக்கிறது, எந்த வரியில் தயங்குகிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் பதிப்புக்கான முதல் தடயங்கள் அங்கேதான் கிடைக்கும்.

பேசுகிறவர் யார்?

வரிகளை உங்கள் சொந்தப் பேச்சுமொழியில், ஒருவரிடம் நேருக்கு நேர் சொல்வதுபோல எழுதிப் பாருங்கள். சொல்பவருக்கு வயது என்ன, யாரிடம் சொல்கிறார், சொல்வதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்ற மூன்றுக்கும் விடை எழுதுங்கள். மூலப்பாடகரின் விடையும் உங்கள் விடையும் ஒன்றாகவே இருந்தால், கவர் பதிப்பு செய்ய வேண்டிய தேவை இன்னும் பிறக்கவில்லை என்று கொள்ளலாம்.

ஓடிஸ் ரெட்டிங் எழுதி 1965-இல் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ பாடலில், வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண் தனக்குரிய மரியாதையை மனைவியிடம் கேட்கிறான். 1967-இல் அரீதா ஃபிராங்க்ளின் அதே பாடலை எடுத்தபோது கேட்பவள் பெண்ணாகிறாள். மரியாதை இனி இரந்து பெறும் பொருளாக இருக்கவில்லை. அது அவளுக்குச் சேர வேண்டிய கடனாகிவிட்டது. இந்த ஒரு மாற்றத்திலிருந்தே மற்றவை எல்லாம் பிறந்தன. தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லும் புகழ்பெற்ற பகுதி ரெட்டிங்கின் பாடலில் இல்லை. கேட்கத் தெரியாதவனுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுக்கும் பெண்ணுக்கே அது பொருந்தும். ஃபிராங்க்ளினின் சகோதரிகள் பின்னணியில் பாடியதால், ஒருத்தியின் கோரிக்கை ஒரு கூட்டத்தின் கோரிக்கையானது. மூலத்தில் இல்லாத இடையிசைப் பகுதி ஒன்றை, வேறொரு பாடலின் கோர்ட் வரிசையைக் கொண்டு அமைத்து, அதில் கிங் கர்டிஸ் சாக்ஸஃபோன் வாசித்தார். இன்று அந்தப் பாடலைப் பலர் ஃபிராங்க்ளினுடைய பாடலாகவே அறிவார்கள்.

வயதும் அப்படியே. ‘நைன் இஞ்ச் நெய்ல்ஸ்’ குழுவின் டிரென்ட் ரெஸ்னர் எழுதி 1994-இல் வெளியான ‘ஹர்ட்’, தன்னைத் தானே சிதைத்துக்கொள்ளும் ஓர் இளைஞனின் பாடல். அதன் கிதார் வரிசையில் வேண்டுமென்றே ஓர் அபசுரம் வைக்கப்பட்டிருக்கிறது. கேட்பவர் நிலைகொள்ள முடியாதபடி அது உறுத்திக்கொண்டே இருக்கும். 2002-இல் வெளியான ஜானி கேஷின் பதிப்பில், எழுபது வயதில், உடல் நலிந்த நிலையில் அதே வரிகளைப் பாடுபவர் வாழ்க்கை முழுவதையும் திரும்பிப் பார்க்கும் முதியவராகிறார். அபசுரம் நீங்கி எளிய கோர்ட்டுகள் வந்தன; உறுத்தல் கிதாரிலிருந்து அவருடைய தளர்ந்த குரலுக்கு இடம் மாறியது. வரிகளில் ஓர் இழிசொல்லை மட்டும் மாற்றி, முள்முடி என்று பொருள்படும்படி பாடினார். ஒரே ஒரு சொல்தான். ஆனால் கேஷின் சமயப் பற்றை அறிந்தவருக்கு அந்தச் சொல் முழுப் பாடலையும் வேறு வெளிச்சத்தில் காட்டும்.

சில வேளைகளில் சரியான முடிவு ஏறத்தாழ எதையும் மாற்றாமல் விடுவதாக இருக்கும். டிரேசி சாப்மன் 1988-இல் பாடிய ‘ஃபாஸ்ட் கார்’ பாடலை 2023-இல் ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர் லூக் கோம்ப்ஸ் பாடியபோது, கடையில் கல்லாவில் வேலை பார்க்கும் பெண்ணாகக் கதை சொல்பவள் தன்னைக் குறிப்பிடும் சொல்லைக்கூட அவர் ஆணுக்கு ஏற்ப மாற்றவில்லை. அது வேறொருத்தியின் கதை, தான் அதை எடுத்துச் சொல்பவன் என்ற நிலைப்பாடு அதில் இருந்தது. பாடுபவர் ஆண் என்பதால் வரிகளில் உள்ள பெண்பாலைக் கட்டாயம் ஆண்பாலாக மாற்றியே தீர வேண்டும் என்று எண்ணுபவர்கள் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. நடிகர் வில்லியம் ஷாட்னர் 1968-இல் பீட்டில்ஸ் குழுவின் ‘லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்’ பாடலை மேடை வசனம்போல உரக்கப் பேசிப் பதிவு செய்தார். கனவில் மிதப்பவர் பேசும் வரிகள் அவை. ஷாட்னர் ஒவ்வொரு சொல்லையும் அதிர்ச்சிச் செய்திபோல உச்சரித்தார். கனவு காண்பவர் ஒருபோதும் தன் கனவைக் கண்டு அப்படித் திடுக்கிடுவதில்லை. மோசமான கவர் பதிப்புகளின் பட்டியல்களில் அது இன்றுவரை இடம்பெற்று வருகிறது.

லிட்டில் ரிச்சர்ட் 1955-இல் வெளியிட்ட ‘டூட்டி ஃப்ரூட்டி’யை மறு ஆண்டே பாட் பூன் பாடியது இன்னொரு வகைத் தோல்வி. வரிகளில் பெரிய பொருள் எதுவும் இல்லாத பாடல் அது. அதன் பொருள் முழுவதும் ரிச்சர்டின் கூச்சலிலும் பியானோவைத் தாக்கும் வேகத்திலும் இருந்தது. பூன் அதைச் சீரான குரலில் ஒழுங்காகப் பாடினார், ஒழுங்கு வந்ததும் பாட்டு போய்விட்டது. ஆயினும் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் பூனின் பதிப்பு 12-ஆம் இடம் வரை ஏறியது, ரிச்சர்டுடையது 17-ஆம் இடத்தோடு நின்றது. ரிச்சர்ட் போன்ற கறுப்பினப் பாடகரைவிட, பூன் போன்ற வெள்ளையரின் பதிப்புக்கே வானொலிகள் எளிதாக இடமளித்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விற்பனை எண்ணிக்கை ஒரு கவர் பதிப்பின் தரத்தைச் சொல்லாது என்பது விளங்கும்.

ஒரு பெரிய மாற்றம்

பேசுகிறவர் யார் என்று முடிவானதும், அவரை உயிர்ப்பிக்கக்கூடிய ஒரே ஒரு பெரிய மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, மற்றவை அதைப் பின்தொடருமாறு விடுங்கள். வேகம், நடை, சுருதி, கருவி, அமைப்பு என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், கேட்பவர் தமக்குத் தெரிந்த பாடலைப் பற்றிக்கொள்ள ஒரு பிடியும் இல்லாமல் போகும்.

நடை மாற்றத்துக்கு ஜோ காக்கரைவிடச் சிறந்த பாடம் இல்லை. ‘வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்’ பாடலை பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் 1967-இல் பாடினார். நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ர நடையில் கலகலப்பாக நடந்து, மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பாடல் அது. நண்பர்களின் துணையைப் பற்றி ஒருவர் புன்னகையோடு சொல்கிறார். 1968-இல் காக்கர் அதை மெதுவான திஸ்ர நடைக்கு மாற்றினார். மும்மூன்றாக ஊசலாடும் அந்த நடையில், ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் இடைவெளி திறக்கிறது. அந்த இடைவெளியில் அவர் குரல் உடையவும் உறுமவும் இடம் கிடைக்கிறது. பின்னணியில் பெண்கள் கேள்வி கேட்க அவர் விடை சொல்லும்போது, பாடல் ஏறத்தாழ வழிபாட்டுக் கூடத்தில் நடப்பதுபோல ஒலிக்கிறது. நேரம் ஐந்து நிமிடத்தைத் தாண்டுகிறது. நண்பர்கள் இல்லாவிட்டால் இவர் பிழைத்திருக்கவே மாட்டார் என்று நமக்குத் தோன்றுகிறது. மெட்டும் வரியும் பெரும்பாலும் அவையேதான்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை மூலத்தின் வேகத்தில் வைத்து, முதலில் கைத்தாளத்தோடு வரிகளைப் பேசுங்கள். பிறகு நான்கு எண்ணிக்கைக்குப் பதிலாக மும்மூன்றாகத் தட்டி, அதே வரிகளைப் பேசுங்கள். இயல்பாக அழுத்தம் விழ வேண்டிய அசை தாளத்தின் அடியில் விழுகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். முக்கியமான சொல் அடியைத் தவறி விழுந்தால், ஓர் அசையை நீட்டியோ அரை இடம் தள்ளி எடுத்தோ சரிசெய்யலாம். பத்து வரிகளில் எட்டு வரி தடுமாறுகிறது என்றால், அந்த நடை அந்தப் பாடலுக்கு ஒத்துவராது, விட்டுவிடுங்கள். வேகத்தை மாற்றும்போதும் இதே முறைதான். மெதுவாக்கினால் நெடில்கள் நீளும். நீண்ட நெடிலில் குரல் வெறுமனே நிற்காமல் ஏதேனும் ஒரு அசைவு கொடுக்க வேண்டியிருக்கும். வேகப்படுத்தினால் வல்லின மெய்கள் ஒன்றோடொன்று மோதும். நாக்கு புரளாத இடங்களை முன்பே கண்டறிந்து வையுங்கள்.

சுருதியைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் வசதியை மட்டுமே பார்க்கிறார்கள். பாடலின் உச்சச் சுரம் எங்கே வருகிறது, அங்கே என்ன சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தச் சொல் இறைஞ்சல் என்றால், குரல் சற்றே திணறும் உயரத்தில் அது அமைவது நல்லது. அறுதியான முடிவு என்றால், குரல் உறுதியாக நிற்கும் உயரமே வேண்டும். அரைக்கட்டை ஏற்றியும் இறக்கியும் அந்த ஒரு வரியை மட்டும் பாடிப் பதிவு செய்து ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும். ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாடலின் ஹூஸ்டன் பதிப்பு கருவி எதுவும் இல்லாமல் தாழ்ந்த குரலில் தொடங்கி, இறுதிப் பகுதியில் ஒரு கணம் எல்லாம் ஓய்ந்து, டிரம் ஒன்று அதிர்ந்த பின் சுருதி ஏறுவதை நினைத்துப் பாருங்கள். அந்த ஏற்றம் தொடக்கத்தின் அடக்கத்தால் சம்பாதிக்கப்பட்டது. தொடக்கத்திலேயே முழுக்குரலில் பாடுகிறவருக்கு ஏறுவதற்கு இடம் இருக்காது.

கருவியிசைக்கும் இது பொருந்தும். ‘த சவுண்ட் ஆஃப் மியூசிக்’ என்ற 1959-ஆம் ஆண்டு மேடை இசை நாடகத்தில் குழந்தைகளுக்கேற்ற எளிமையோடு அமைந்த ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பாடலை, ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் சோப்ரானோ சாக்ஸஃபோனில் ஏறத்தாழ 14 நிமிடங்களுக்கு வாசித்து 1961-இல் வெளியிட்டார். மாறிக்கொண்டே இருக்கும் கோர்ட்டுகளுக்குப் பதிலாக, நீண்ட நேரம் ஒரே ஆதார சுரத்தில் நின்றுகொண்டு அதன்மேல் விரித்துச் செல்லும் முறையை அவர் கையாண்டார். ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

அடையாளப் பகுதியை என்ன செய்வது?

மிகப் புகழ்பெற்ற பாடல்களில் கேட்ட மாத்திரத்தில் அடையாளம் காட்டும் ஒரு பகுதி இருக்கும். அது ஒரு கிதார் துணுக்காகவோ, பல்லவியின் முதல் சொல்லாகவோ இருக்கலாம். அதை என்ன செய்வது என்பதே கவர் பதிப்பு செய்பவரைப் பெரிதும் அச்சுறுத்தும் கேள்வி. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாடலுக்கு மூவர் கண்ட மூன்று வழிகளை அடுத்தடுத்துக் கேட்பது, இந்தக் கலையைக் கற்க நான் அறிந்த மிகச் சிறந்த பயிற்சி.

1965-இல் வெளியான மூலத்தில், மூன்றே சுரங்களில் அமைந்த கரகரப்பான கிதார் துணுக்கு பாடல் முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. கீத் ரிச்சர்ட்ஸ் அதை உண்மையில் ஊதுகருவிகளுக்கான குறிப்பாகவே மனத்தில் வைத்திருந்தார். அதே ஆண்டில் ஓடிஸ் ரெட்டிங் பாடியபோது, அந்தத் துணுக்கை டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் வாசித்தன. அடையாளம் அப்படியே இருக்க, அதைத் தாங்கும் கருவி மாறியது.

டீவோ குழு 1977-இல் துணுக்கையே தூக்கி எறிந்துவிட்டது. வெட்டி வெட்டி விழும் தாளமும் இயந்திரம்போன்ற குரலும் மட்டும் மிஞ்சின. மூலத்தின் நாயகன் ஆசை நிறைவேறாததால் உறுமுகிறான். டீவோவின் நாயகனோ ஆசைப்படவும் தெரியாமல் பழுதாகிப்போன பொம்மை. இசை அவ்வளவு மாறிவிட்டதால், 1978-இல் அதை மறுபதிவு செய்து வெளியிடுவதற்கு முன் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரிடம் அதைப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அவர் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டார்.

2000-ஆம் ஆண்டில் பாடகி கேட் பவர் இன்னும் ஒரு படி சென்றார். கிதாரின் மெல்லிய மீட்டலோடு சரணங்களை மட்டும் பாடினார். துணுக்கும் இல்லை, உலகமே அறிந்த அந்தப் பல்லவியும் இல்லை. கேட்பவர் பல்லவி இதோ வரப்போகிறது என்று காத்திருக்க, அது வராமலே பாடல் முடிகிறது. நிறைவின்மையைப் பற்றிய பாடலில் நிறைவைத் தராமல் விடுவதைவிடப் பொருத்தமான முடிவை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

உங்கள் பாடலின் அடையாளப் பகுதியையும் இப்படி மூன்று விதமாகச் சோதித்துப் பாருங்கள். வேறு கருவிக்கோ குரலுக்கோ கொடுங்கள்; அடியோடு நீக்குங்கள்; கடைசி வரை தள்ளிப்போட்டு ஒரே ஒரு முறை வரச் செய்யுங்கள். மூலத்தில் உள்ளபடியே அதே கருவியில் வைத்துக்கொள்வது கடைசித் தெரிவாக இருக்கட்டும், ஏனெனில் அங்கே கேட்பவர் உங்களை மூலத்தோடு நேரடியாக ஒப்பிடுவார்.

வெட்டுவதும் சேர்ப்பதும்

டான் மெக்லீன் 1971-இல் பாடிய ‘அமெரிக்கன் பை’ எட்டரை நிமிடத்துக்கும் மேல் நீளும் கதைப்பாட்டு. ஒரு தலைமுறையின் நம்பிக்கை படிப்படியாகக் கலைவதை அதன் சரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கின்றன. 2000-இல் மடோனா அதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து நடனப் பாடலாக்கினார். தொடக்கமும் முடிவும் இருக்கின்றன. நடுவில் என்ன நடந்தது என்பது போய்விட்டது. அதனால் முடிவில் வரும் துயரத்துக்குக் காரணமே தெரியவில்லை. நீளத்தைக் குறைப்பது தவறில்லை. ஆனால் ஒவ்வொரு சரணமும் கதையில் என்ன வேலை செய்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகே வெட்ட வேண்டும்.

அமைப்பிலும் இதே கவனம் தேவை. ‘த ஹூ’ குழுவின் ‘பிஹைண்ட் புளூ ஐஸ்’ அமைதியாகத் தொடங்கி, நடுவில் சட்டென்று சீற்றமாக வெடிக்கிறது. அடக்கி வைத்த கோபம் வெளிப்படும் அந்த இடத்துக்காகவே முதல் பகுதி அத்தனை மென்மையாக இருக்கிறது. ‘லிம்ப் பிஸ்கிட்’ குழு 2003-இல் அந்த வெடிப்பை நீக்கிவிட்டு, எழுத்துக் கூட்டிச் சொல்லும் குழந்தைகளின் மின்னணுப் பொம்மை ஒன்றின் குரலை அங்கே வைத்தது. கோபத்தைப் பற்றிய பாடலில் கோபம் வருவதற்கான வாசல் அடைபட்டது.

சேர்ப்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஜிமி ஹென்ட்ரிக்ஸ். பாப் டிலன் 1967-இல் வெளியிட்ட ‘ஆல் அலாங் த வாட்ச்டவர்’ பல்லவியே இல்லாத மூன்று சரணப் பாடல். கிதாரும் ஹார்மோனிகாவும் துணையாக இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். வரவிருக்கும் ஏதோ பேரழிவின் அச்சம் வரிகளில் இருக்கிறது, ஆனால் அது நிகழ்வதில்லை. ஹென்ட்ரிக்ஸ் 1968-இல் சரணங்களுக்கு இடையே மின்கிதார் பகுதிகளைச் சேர்த்து, வரிகள் முன்னறிவித்த புயலைக் காதுக்குக் காட்டினார். சேர்த்தது அலங்காரமாக நிற்காமல் பாடலின் கதையை முன்னெடுத்துச் சென்றது. பிற்காலத்தில் டிலனே மேடையில் அதை ஹென்ட்ரிக்ஸின் போக்கை ஒட்டி வாசிக்கலானார்.

பதிவு செய்தலும் சோதித்தலும்

பதிவின்போது துண்டு துண்டாகப் பாடி ஒட்டுவதைவிட, முழுப் பாடலையும் சில முறை ஒரே மூச்சாகப் பாடிப் பதிவு செய்து, அவற்றில் சிறந்த ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். சிறு பிசிறுகளை மென்பொருள் கொண்டு திருத்தும் முன், அந்தப் பிசிறு பேசுகிறவரின் நிலைக்குப் பொருந்துகிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேஷின் குரல் நடுக்கத்தை யாரேனும் திருத்தியிருந்தால் அந்தப் பதிவே இருந்திருக்காது.

ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1960-இல் பெர்லின் மேடையில் ‘மேக் த நைஃப்’ பாடலின் வரிகளை நடுவில் மறந்துவிட்டு, தாளம் தவறாமல் அந்த நொடியிலேயே புதிய வரிகளைக் கட்டிப் பாடினார். மறந்துவிட்டதையே பாட்டாக்கினார். அந்தப் பதிவு அவருக்குக் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது. பாடலின் கோர்ட் வரிசையும் அசை எண்ணிக்கையும் உடம்பில் ஊறியிருந்தால் மட்டுமே இது கைகூடும். ஆகவே பதிவுக்கு முன் வரிகளை மனப்பாடம் செய்துவிடுங்கள். தாளைப் பார்த்துப் பாடும் குரல் ஒலிவாங்கியில் அப்படியே தெரியும்.

முடித்த பதிவை இருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்ல வேண்டும். ஒருவர் மூலத்தை நன்கு அறிந்தவர், மற்றவர் அதைக் கேட்டே இராதவர். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இந்தப் பாடலில் யார், யாரிடம், என்ன சொல்கிறார் என்று மட்டும் கேளுங்கள். கேட்டிராதவரால் விடை சொல்ல முடியவில்லை என்றால், உங்கள் பதிப்பு மூலத்தின் புகழில் சாய்ந்து நிற்கிறது. அறிந்தவர் மூலத்துக்கான விடையையே சொன்னால், உங்கள் மாற்றங்கள் மேற்பூச்சாகவே இருக்கின்றன. இரண்டு விடைகளும் நீங்கள் எழுதி வைத்த விடைக்கு நெருங்கி வந்தால் வெளியிடலாம்.

உரிமையும் பெயரும்

ஒரு பதிவில் இரண்டு தனித்தனி உரிமைகள் அடங்கியிருக்கின்றன. மெட்டும் வரியும் சேர்ந்த படைப்புக்கு ஓர் உரிமை. அதன் ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை. நீங்களே புதிதாகப் பாடி வாசித்தால் முதல் உரிமையை மட்டுமே பயன்படுத்துகிறீர்கள். பிறர் உருவாக்கிய கரோக்கி இசையின்மேல் பாடினால், அந்த இசைப்பதிவுக்கும் தனியாக அனுமதி வேண்டும். அமெரிக்காவில் 1909-ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி, ஒருமுறை வெளியான பாடலை உரிய தொகை செலுத்தி எவரும் மீண்டும் பதிவு செய்யலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. பாணிக்கேற்ப இசையமைப்பை மாற்றலாம், ஆனால் அடிப்படை மெட்டையும் பாடலின் இயல்பையும் மாற்றக்கூடாது. பிற நாடுகளில் விதிகள் வேறுபடுவதால், வெளியிடும் நாட்டின் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வரிகளை மாற்றுவது, மொழிபெயர்ப்பது, காணொளியோடு இணைப்பது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனி அனுமதி தேவைப்படும்.

பாடலை எழுதியவருக்கான தொகை கவர் பாடியவருக்கு வராது என்பதையும் முன்பே அறிந்திருப்பது நல்லது. ‘சாஃப்ட் செல்’ என்ற இருவர் குழு 1981-இல் பாடிப் பெரும் வெற்றி பெற்ற ‘டெய்ன்டட் லவ்’ பாடல், 1960-களில் குளோரியா ஜோன்ஸ் பாடியது. இசைத்தட்டின் மறுபக்கத்திலும் அவர்கள் பிறர் பாடலையே வைத்ததால், அத்தனை விற்பனையிலும் பாடலாசிரியர்களுக்குரிய பங்கில் அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சொந்தப் பாடல் ஒன்றை உடன் வெளியிடுவது இதற்கு எளிய தீர்வு.

விவரக் குறிப்பில் எழுதியவர், இசையமைத்தவர், முதலில் பாடியவர் ஆகியோரின் பெயர்களை உங்கள் பெயருக்கு முன்னதாகவே எழுதுங்கள். ‘ஃபாஸ்ட் கார்’ கோம்ப்ஸின் குரலில் மீண்டும் எழுந்தபோது, 2023-ஆம் ஆண்டின் சிறந்த பாடலுக்கான அமெரிக்க நாட்டுப்புற இசைச் சங்கத்தின் விருது அதை எழுதிய டிரேசி சாப்மனுக்குச் சென்றது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவரே. அடுத்த ஆண்டு கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து அதைப் பாடினார்கள்.